கபடி ஆட்டக்காரர்களின் கவட்டு வலி: வலி வந்த நாள் முதல் மீண்டும் பாடிச் செல்லும் நாள் வரை

மின்னொளிக் கபடிப் போட்டிகளில் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படும். பாடிச் சென்றவர் காலை வீசித் தொடுகிறார், நடுக்கோட்டுக்குத் திரும்புகிறார், அப்படியே குனிந்து ஒரு கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொள்கிறார். கேட்டால், "ஒன்றுமில்லை, லேசாகப் பிடித்துக்கொண்டது" என்பார். மூன்று மாதம் கழித்து அதே ஆள் என் பிசியோதெரபி அறைக்கு நொண்டிக்கொண்டு வருவார். இடையில் இரண்டு முறை சுளுக்கு வழித்திருப்பார், ஒரு முறை வலி ஊசி போட்டிருப்பார், நான்கு போட்டிகளும் ஆடியிருப்பார்.

இது அவருக்காகவும் அவரைப் பயிற்றுவிப்பவருக்காகவும் எழுதியது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் செய்த பயிற்சி சரியாகத்தான் இருக்கிறது; அதைச் செய்த வாரம்தான் தவறாக இருக்கிறது.

1. இது தசைவலிதானா என்று முதலில் பாருங்கள்

கவட்டைப் பகுதி ஒரு நாற்சந்தி. வயிறு, இடுப்பு மூட்டு, சிறுநீர்ப் பாதை, விதைப்பை எல்லாவற்றின் வலியும் அங்கே வந்து நிற்கும். எனவே பயிற்சியைப் பற்றி நினைப்பதற்கு முன் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட வேண்டும்.

விதையில் திடீரென்று கடும் வலி, கூடவே குமட்டல் அல்லது வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. கபடியில் இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது. "முழங்கால் பட்டுவிட்டது, சரியாகிவிடும்" என்று பையனே காரணம் சொல்லிவிடுவான். அடிபட்ட வலி ஒரு மணி நேரத்தில் தணியாவிட்டால், விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இருமும்போது புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கம். அதைப் பொது அறுவை சிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். உள்ளே போகாமல் இறுகி, வலித்து, வாந்தியும் வந்தால் அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

உருண்டையாக, தொட்டால் வலிக்கும் கட்டி என்றால் பெரும்பாலும் நெறி கட்டியிருக்கிறது. மண் தரையில் வெறுங்காலோடு ஆடுகிறவர்களிடம் இது சாதாரணம். கட்டியை விட்டுவிட்டு அதே பக்கத்துக் காலைப் பாருங்கள். பெயர்ந்த நகமோ சீழ்பிடித்த புண்ணோ விரலிடுக்கில் வெடிப்போ இருக்கும். புண்ணுக்கு மருந்து போட்டால் நெறி தானாக இறங்கும். எண்ணெய் போட்டு நெறியை நீவுவதால் ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் சேர்ந்தாலோ, புண்ணே இல்லாமல் கட்டி இரண்டு மூன்று வாரம் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

விலாவிலிருந்து கவட்டைக்கு இறங்கும் அலையலையான வலி, சிறுநீரில் இரத்தம் என்றால் சிறுநீரகக் கல். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, காலை நீட்ட முடியாமல் மடக்கியே வைத்திருப்பது மூன்றும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயின் சீழ் இடுப்புத் தசை வழியே இறங்கியிருக்கக்கூடும். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கும்போது அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியும் மயக்கமும் வந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எலும்புச் சிக்கல்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவைதாம் தசைவலி போலவே வேடம் போடும். காவலர் தேர்வுக்காகத் திடீரென்று தினமும் ஓடத் தொடங்கியவருக்குக் கவட்டையில் வலி, ஒற்றைக் காலில் குதித்தால் உள்ளே குத்துகிறது, இரவிலும் வலிக்கிறது என்றால் தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்து முதல் பதினாறு வயதுக்குள் நொண்டும் பிள்ளைகளுக்கு இடுப்பு எக்ஸ்ரே கட்டாயம். அந்த வயதில் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவுவது உண்டு. இதில் குழப்புவது என்னவென்றால், பிள்ளை முழங்கால் வலி என்றுதான் சொல்லும்.

பதினைந்து வயதுப் பையனுக்கு ஓடும்போது "டப்" என்று சத்தம் கேட்டதா? தசை இழுத்த வேகத்தில் எலும்பின் முனை பெயர்ந்திருக்கலாம். அதற்கும் எக்ஸ்ரே வேண்டும்.

இன்னொன்று, கூச்சம். ஒரு பெண் ஆட்டக்காரர் ஒரு மாதம் "தொடை வலி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தொடையில் என்னால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்தின் பெயரைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் ஒரு தாளில் உடலின் படத்தை வரைந்து, புள்ளி வைக்கச் சொல்லிவிடுகிறேன்.

2. ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள்

உள்ளங்கையால் தடவிக் காட்டினால் பயனில்லை, ஒரே விரல். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். 2014ஆம் ஆண்டு தோஹாவில் கூடிய 24 வல்லுநர்கள் விளையாட்டு வீரர்களின் கவட்டு வலியை வகைப்படுத்தியதும் இடத்தையும் தொட்டால் வரும் வலியையும் வைத்துத்தான்.

தொடையை அகற்றினால் உள்தொடையில் கயிறுபோல் ஒரு தசைநாண் புடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் எலும்பில் முடியும். அந்த முடிச்சில் விரல் நின்றால் உள்தொடைத் தசையின் வலி. கபடிக்காரர்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். முன்பக்க மடிப்பில் விரல் நின்று, முழங்காலை உயர்த்தும்போது வலித்தால் இடுப்பை மடக்கும் தசை. மடிப்புக்குச் சற்று மேலே, இருமினாலும் எழுந்து உட்கார்ந்தாலும் வலித்தால் அடிவயிற்றுச் சுவர். நட்டநடுவில் எலும்பிலேயே வலித்தால் பூப்பெலும்பு, அதாவது அடிவயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் முன்பகுதி.

ஐந்தாவது வகை விரலுக்கு அகப்படாது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிறைபோல் வளைத்து இடுப்பைக் கவ்விப் பிடித்து, "இதற்குள்ளே எங்கேயோ" என்பார். அது இடுப்பு மூட்டு. அவருக்கு ஒன்பதாம் பகுதியைக் காட்டுங்கள்.

இங்கிருந்து எட்டாம் பகுதி வரை உள்தொடைத் தசைக்குரியது.

3. நெருக்கல் சோதனை: ஓர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்

மல்லாந்து படுக்க வேண்டும், கால்கள் நேராக. சோதிப்பவர் தன் முன்கையை இரண்டு கணுக்கால்களுக்கும் நடுவே குறுக்காக வைக்கிறார். ஆட்டக்காரர் ஐந்து விநாடி முழு வலுவோடு நெருக்க வேண்டும். பிறகு கவட்டையில் வலி எவ்வளவு என்று பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். 0 முதல் 2 வரை பச்சை, 3 முதல் 5 வரை மஞ்சள், 6 முதல் மேலே சிவப்பு.

எளிய சோதனைதான், ஏமாறுவதும் எளிது. ஒரு பள்ளி மைதானத்தில் பெஞ்சின்மேல் ஒரு பையனைப் படுக்கவைத்து நெருக்கச் சொன்னேன். "இரண்டுதான் சார்" என்றான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. ஆனால் என் முன்கையில் விழுந்த அழுத்தம் ஒரு குழந்தை நெருக்குவது போலத்தான் இருந்தது. மூச்சை அடக்கியிருந்தான், எதிர்ப்பக்கக் கை பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தது. "முழு பலத்தோடு" என்று மறுபடி சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. ஏழு. எண்ணைக் காதால் கேட்டால் மட்டும் போதாது. அழுத்தத்தையும் முகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், காலையில், இந்தச் சோதனையைச் செய்து நோட்டில் எழுதுங்கள். இனி வரும் எல்லா முடிவுக்கும் இந்த எண்தான் அடிப்படை.

4. முதல் மூன்று நாள்: குறைவாகச் செய்யுங்கள்

ஆட்டத்தின் நடுவே சட்டென்று வந்த வலி என்றால் அந்த ஆட்டத்தோடு நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தோலில் நேராக வைத்தால் குளிரே புண்ணாக்கிவிடும். மீள்துணிப் பட்டையை (கிரேப் பேண்டேஜ்) தொடையில் தொடங்கி இடுப்பைச் சுற்றி எட்டு வடிவில் கட்டினால் நடப்பது சுலபமாகும். தொடையில் மட்டும் கட்டினால் நான்கு எட்டு வைப்பதற்குள் நழுவிவிடும்.

சுளுக்கு வழிக்க இப்போது போகாதீர்கள். கிழிந்த தசையில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. அழுத்தி நீவினால் கசிவு கூடும். சிலருக்கு அந்த இடத்தில் சுண்ணம் படிந்து தசைக்குள்ளேயே எலும்புபோல் இறுகிவிடுவதும் உண்டு. வெந்நீர் ஒத்தடமும் இரண்டு நாள் வேண்டாம்.

காலை அகற்றி அகற்றி நீட்டிப் பார்ப்பது இன்னொரு பழக்கம். "இறுகிப்போயிருக்கிறது, இழுத்து விடுகிறேன்" என்பார்கள். காயம்பட்ட தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகியிருக்கிறது. அதை இழுப்பது, கிழிந்த வேட்டியைத் தைப்பதற்கு முன் இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பதுதான்.

மூன்றாம் நான்காம் நாளில் தொடையின் உட்புறம் கருநீலமாகக் கன்றி, முழங்கால் வரைகூட இறங்கும். பழைய இரத்தம் கீழே வடிகிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் கன்றல் பெரிதாக இருந்து, காலை உள்ளே இழுக்கவே வலு இல்லை என்றால், தசைநாண் எலும்பிலிருந்து பிரிந்திருக்கலாம். ஸ்கேன் தேவை.

வலி மாத்திரை வேண்டுமென்றால் முதலில் பாராசிட்டமால். டைக்ளோபெனாக்கைக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடலில் அந்த ஆபத்து இன்னும் கூடும். ஊசி போட்டுக்கொண்டு களமிறங்குவது அதைவிட மோசம். நிறுத்தச் சொல்லும் குரலை அடக்கிவிட்டு ஆடினால், சின்னக் கிழிசல் பெரிதாவது ஆட்டம் முடியும்வரை தெரியாது.

5. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கால்பந்து, ஒரு தலையணை, முழங்கால் உயரத்தில் ஆடாத பெஞ்சு, ரப்பர் பட்டை, ஒரு நோட்டு. கூடவே பிடித்துக்கொள்ள ஒரு தோழர். மீன் கடைகளில் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று கிடைத்தால் நல்லது. எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

பொருள்களைவிட முக்கியம் நாட்காட்டி. புதிதாக வந்த காயம் சில வாரங்களில் ஆறிவிடலாம். மாதக்கணக்கில் இழுத்த வலிக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். பொங்கல் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வந்து "எப்படியாவது" என்று கேட்பவருக்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது.

6. முதல் இரண்டு வாரம்: நெருக்குங்கள், நீட்டாதீர்கள்

மூன்று நாள் கழிந்து, நடக்கும்போது வலி இல்லையென்றால் தொடங்கலாம்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, நடுவே தலையணை வைத்துப் பத்து விநாடி நெருக்குங்கள். பத்து முறை. வலி இரண்டைத் தாண்டாத அளவுக்கு மட்டும். இரண்டு மூன்று நாளில் தலையணைக்குப் பதில் பந்து. பிறகு கால்களை நீட்டிக் கணுக்கால்களுக்கு நடுவே பந்து. நேரத்தை மெல்லக் கூட்டி முப்பது விநாடிக்குக் கொண்டுவாருங்கள். அசையாமல் நெருக்குவதால் தசைநாணுக்குச் சுமை கிடைக்கிறது, இழுபடுவதில்லை. அதனால்தான் இது முதலில் வருகிறது.

முழங்கால்களுக்கிடையே பந்தை வைத்துக்கொண்டே தோளை மட்டும் உயர்த்தும் வயிற்றுப் பயிற்சியைப் பத்துப் பத்தாக மூன்று சுற்று சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுத் தசையும் உள்தொடைத் தசையும் பூப்பெலும்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நிற்பவை. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் போதாது.

"மசாஜும் மின்சாரச் சிகிச்சையும் கொடுக்கமாட்டீர்களா?" என்று கேட்பார்கள். 1999இல் டென்மார்க்கில் நீண்டநாள் கவட்டு வலி கொண்ட 68 வீரர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு இத்தகைய பயிற்சிகள். மற்றொன்றுக்கு லேசர், அழுத்தித் தேய்த்தல், நீட்டல், மின்தூண்டல். இறுதிவரை நின்றவர்களில் பயிற்சிக் குழுவில் 29 பேரில் 23 பேர் வலியின்றிப் பழைய ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மற்றொன்றில் 30 பேரில் 4 பேர். இதைச் சொன்ன பிறகும் கருவியைத்தான் கேட்பவர்கள் உண்டு. படுத்துக்கிடந்தால் போதும் என்ற சுகத்தோடு போட்டியிடுவது கடினம்.

மறுநாள் காலை நெருக்கல் எண் நேற்றைவிட ஏறியிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள். ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

7. மூன்றாம் வாரம் முதல்: சுமையை ஏற்றுங்கள்

நெருக்கல் எண் இரண்டுக்குள் மூன்று நாள் நின்றால் இந்தப் படிக்கு வரலாம். வலி போனதுமே களத்துக்கு ஓடுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வலி போய்விட்டது, வலு இன்னும் வரவில்லை.

வலிக்கும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, கீழ்க்காலை நேராக உயர்த்தி இறக்குங்கள். அடுத்து, நின்றபடி கணுக்காலில் ரப்பர் பட்டையைக் கட்டி, காலை உட்புறமாக இழுங்கள். அடுத்து, வழவழப்பான தரையில் ஒரு காலின் அடியில் துணியைப் போட்டு, அந்தக் காலைப் பக்கவாட்டில் மெல்ல வழுக்கவிட்டுத் திரும்ப இழுங்கள். மொசைக் தரை இதற்கு அருமை. சிமெண்ட் தரையில் துணிதான் கிழியும். ஒவ்வொன்றும் பத்து முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

இரண்டு வாரம் கழித்துக் கோபன்ஹேகன் பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றுங்கள். மேல்காலைப் பெஞ்சின்மேல் வையுங்கள். தொடக்கத்தில் முழங்காலே பெஞ்சின்மேல் இருக்கட்டும். இடுப்பைத் தூக்கி உடலை ஒரே கோடாக்கி, கீழ்க்காலை மேல்காலோடு சேர்த்துவிடுங்கள். பிறகு மூன்று விநாடி எடுத்து இறங்குங்கள். ஐந்து முறை, இரண்டு சுற்று, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். வாரந்தோறும் ஓரிரண்டு கூட்டிப் பதினைந்து வரை போகலாம். முழங்காலுக்குப் பதில் கணுக்காலை மட்டும் பெஞ்சில் வைப்பது அடுத்த நிலை. சுமை திடீரென்று ஏறும், எனவே எண்ணிக்கையை மறுபடி ஐந்துக்கு இறக்குங்கள்.

இடுப்பு தொங்குவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தோழர் பக்கத்தில் நின்று, தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இரண்டாவது பிழை, நல்ல காலை விட்டுவிடுவது. இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

முதல்முறை செய்த மறுநாள் தொடையின் நடுச்சதை இரு பக்கமும் கடுகடுவென்று வலிக்கும். இது பயிற்சி வலி, இரண்டு நாளில் போகும். ஒரு பக்கம் மட்டும், எலும்பு முடிச்சில் வலித்தால் அது காயம். ஒரு படி இறங்குங்கள்.

8. களத்துக்குத் திரும்புதல்

கொக்கித் தராசு இங்கே வேண்டும். ஒரு தூணில் தராசைக் கட்டி, மறுமுனையைப் பட்டையால் கணுக்காலோடு இணைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். காலை உள்ளே இழுத்தால் எவ்வளவு காட்டுகிறது, மறுபக்கம் திரும்பி வெளியே தள்ளினால் எவ்வளவு என்று குறியுங்கள். அமெரிக்காவில் தொழில்முறை ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்து 2001இல் வெளிவந்த முடிவு: உள்ளிழுக்கும் வலு வெளித்தள்ளும் வலுவில் 80 சதவீதத்துக்குக் குறைந்தவர்களுக்கு உள்தொடைக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு. நம் தராசு ஆய்வகக் கருவி இல்லைதான். ஆனால் வெளியே தள்ளும்போது 18 கிலோ, உள்ளே இழுக்கும்போது 11 கிலோ என்று காட்டினால் கதை புரிந்துவிடும்.

ஓட்டத்தை நேர்க்கோட்டில் மெதுவாகத் தொடங்குங்கள். பிறகு வேகம், பிறகு வளைந்து ஓடுதல், அதற்குப் பிறகே பக்கவாட்டு நகர்வு. நேராக ஓட முடிவதை வைத்து ஏமாறாதீர்கள். கபடியில் உள்தொடையைக் கிழிப்பது ஓட்டம் இல்லை.

ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து தொடுகோடு 3.75 மீட்டர், அதற்கு அப்பால் ஒரு மீட்டரில் போனஸ் கோடு. போனஸ் எடுக்க ஒரு கால் கோட்டைத் தாண்டும்போது மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். தொட்டவுடன் உடலைப் பின்னுக்கு இழுக்கிறோம், கால் இன்னும் முன்னால் இருக்கிறது. அதே நொடியில் மூலையில் நிற்பவர் கணுக்காலைப் பிடித்துவிட்டால், உடல் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் இழுபடும். அந்த இழுப்பைத் தாங்குவது உள்தொடைத் தசை.

ஆகவே இந்த வரிசை: காலியான களத்தில் 30 விநாடி ரெய்டு, கால் நீட்டாமல். அடுத்து போனஸ் கோட்டுத் தாவலுடன். அடுத்து அசையாமல் நிற்கும் பிடிப்பாளர்களைக் காலால் தொடுதல். அடுத்து பிடிக்கலாம், ஆனால் இழுக்கக் கூடாது. கடைசியில்தான் முழு ஆட்டம். ஒவ்வொரு நிலைக்கும் குறைந்தது இரண்டு பயிற்சி நாள். மறுநாள் காலை எண் மூன்றைத் தொட்டால் முந்தைய நிலைக்குத் திரும்புங்கள்.

முதல் போட்டியில் எத்தனை ரெய்டு என்பதைப் பயிற்சியாளர் முன்கூட்டியே எண்ணி வைத்துவிட வேண்டும். ஆறு என்றால் ஆறு. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது ஆட்டக்காரரிடம் கேட்டால் "நான் போகிறேன்" என்றுதான் சொல்வார்.

9. ஆறு வாரத்திலும் நகரவில்லை என்றால்

ஒழுங்காகச் செய்தும் எண் அசையவில்லை என்றால் இடுப்பு மூட்டைச் சந்தேகியுங்கள். சம்மணமிட்டு உட்கார முடிகிறதா? முழங்காலை மார்புக்குக் கொண்டுவந்து எதிர்த்தோள் பக்கம் திருப்பினால் ஆழத்தில் வலிக்கிறதா? அப்படியென்றால் எலும்பு மருத்துவர், முதலில் எக்ஸ்ரே.

நாற்பதைக் கடந்த பயிற்சியாளர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் கவட்டு வலி பெரும்பாலும் தசையில் இருக்காது. இடுப்பு மூட்டுத் தேய்மானம் கவட்டையில்தான் வலிக்கும். பக்கவாட்டில் வலித்தால்தான் இடுப்பு என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் அதிகம் குடிப்பவர்களும் தொடை எலும்பின் தலைக்கு இரத்த ஓட்டம் குறைந்து பாதிக்கப்படலாம். அதற்கு இந்தப் பயிற்சிகள் பொருந்தா.

எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பூப்பெலும்பில் நீர்க்கோப்பு என்று அறிக்கை சொன்னாலே அதுதான் காரணம் என்றாகிவிடாது. வலியே இல்லாமல் ஆடுகிறவர்களிடமும் அது காணப்படுகிறது. படத்தோடு விரல் காட்டிய இடமும் ஒத்துப்போக வேண்டும்.

10. வாரத்துக்கு ஒருநாள்

கோபன்ஹேகன் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். நார்வே கால்பந்து அணிகளில் இந்த ஒரே பயிற்சியைச் சீசனுக்கு முன் வாரம் மூன்று முறையும் சீசனில் வாரம் ஒருமுறையும் செய்யவைத்தபோது கவட்டுத் தொல்லைக்கான அபாயம் 41 சதவீதம் குறைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் வேண்டாம், தொடை கனத்திருக்கும். ஞாயிறு ஆட்டம் என்றால் செவ்வாய் அல்லது புதன், பயிற்சி முடிந்து சட்டை மாற்றுவதற்கு முன்.